இரத்தத்தின் சாட்சி

வரப்போவதை முன்கூட்டி அறிந்துகொள்ள வேண்டுமென்னும் ஆசை மனிதனுக்கு இயற்கையாய் அமைந்தது. விதைக்கிறவன் மழை வருமா என்று பார்க்கிறான்; கடலோடி காற்று எப்பக்கம் திரும்பும் என்று பார்க்கிறான்; பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிய தாய் முடிவு வரும்வரை உறங்குவதில்லை. ஆயினும் இந்த ஆசை மற்றெல்லா இடங்களையும்விட நோயாளி படுத்திருக்கும் வீட்டிலேதான் பெரிதாய் எழுகின்றது. அங்கே எல்லோருடைய நெஞ்சிலும் நிற்கும் கேள்வி ஒன்றே: இந்த மருந்துக்கு இந்த நோய் கேட்குமா? புற்றுநோய்க்கு இக்காலத்தில் வந்திருக்கும் ஒருவகைச் சிகிச்சையைப் பொறுத்தமட்டில், இக்கேள்விக்கு விடையை நோயாளியின் இரத்தத்திலேயே தேடுகிறார்கள் விஞ்ஞானிகள். அவர்கள் தேடுவது என்ன, இதுவரை கண்டது என்ன, அதை நம்மவர் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

இரத்தத்தைக் கொண்டு நோயை அறியும் முறை நம்மவருக்குப் புதியதன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியோரைக் கேட்டால் சொல்லுவார்கள். குளிரும் காய்ச்சலும் கண்டவுடன் தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து, விரல் நுனியைக் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டிலே தடவி எடுத்துக்கொண்டு போவார். அந்தத் துளிக்குப் பின்னே பெரிய வரலாறு உண்டு. 1880-இல் அல்ஜீரியாவிலிருந்த லாவெரான் என்னும் பிரெஞ்சு இராணுவ வைத்தியர், மலேரியாக் கிருமியை நோயாளியின் இரத்தத்தில் முதன்முதலாகக் கண்டார். 1897-இல் செக்கந்தராபாத்திலே ரொனால்ட் ராஸ் என்பவர் அக்கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடியச் செய்து காய்ச்சலைக் குறைத்தார். அன்று அந்த ஒரு துளி இரத்தத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி எளியது. கிருமி உண்டா, இல்லையா? உண்டென்றால் கொயினா கொடு; இல்லையென்றால் வேறு காரணம் தேடு. அவ்வளவே.

இன்று கேட்கப்படும் கேள்வி அவ்வளவு எளியதன்று. என்ன நோய் என்பது தெரிந்துவிட்டது. என்ன மருந்து என்பதும் தெரியும். அந்த மருந்து இந்த மனிதருக்குப் பயன் தருமா என்பதே தெரியவேண்டியது.

முதலில் அம்மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உடலிலே நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவை புற்றுநோயையும் எதிர்க்கக் கூடும் என்னும் எண்ணம் பழையது. 1891-இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்னும் ரண வைத்தியர், கட்டி கண்ட ஒருவரின் உடலிலே வேண்டுமென்றே நோய்க்கிருமியைச் செலுத்தினார். காய்ச்சல் கண்டால் உடல் விழித்தெழுந்து கட்டியையும் தாக்கும் என்பது அவர் கருத்து. சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. யாருக்குக் கரையும் என்பதை அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அந்தக் குறை நூறாண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் அல்லிசனும் ஜப்பானில் தசுக்கு ஹொன்ஜோவும் வேறொரு வழியில் சென்றனர். வெள்ளணுக்கள் எல்லை மீறிப் போகாதபடி அவற்றுக்கு இயற்கையே ஒரு 'பிரேக்' வைத்திருக்கிறது. புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்திக்கொண்டு தப்பிவிடுகின்றது. பிரேக்கை விடுவித்தால் வெள்ளணுக்கள் தம் வேலையைச் செய்யும். இந்த உண்மையின்மேல் எழுந்த முதல் மருந்து 2011-இலும், அடுத்தவை 2014-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இதைத்தான் நோயெதிர்ப்புச் சிகிச்சை என்கிறோம்.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. தோலில் தோன்றி உடலெங்கும் பரவும் மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய்க்கு முதல் மருந்தைப் பெற்ற 1,861 பேரின் கணக்கு 2015-இல் வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் மூன்றாண்டுகள் கடந்தும் உயிரோடிருந்தனர். அதன்பின் அந்தக் கோடு பெரும்பாலும் கீழே இறங்கவே இல்லை. முன்பு சில மாதங்களில் மாண்டுபோனவர்களின் நோய் இது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஐவருக்கு ஒருவர் என்றால் மற்ற நால்வர் எங்கே? 2016-இல் நுரையீரல் புற்றுநோயாளிகள் 305 பேரிடம் நடத்திய ஒரு பரீட்சையில், மருந்துக்கு ஏற்றவர்கள் என்று முன்னதாகவே பொறுக்கியெடுக்கப்பட்டவர்களிலும், புதிய மருந்தால் கட்டி சுருங்கியவர்கள் 100-க்கு 45 பேரே. பழைய மருந்தினால் சுருங்கியவர்கள் 28 பேர். புதியது சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொறுக்கியவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி சுருங்கவில்லை.

சுருங்காவிட்டால் நட்டம் என்ன என்று கேட்கலாம். நட்டம் மூன்று வகை. பிரேக் விடுபட்ட வெள்ளணுக்கள் சிலருக்கு நுரையீரலையும் குடலையும் கழுத்துச் சுரப்பியையும், அரிதாக இதயத்தையுமே தாக்கிவிடுகின்றன. இது முதலாவது. வேறு மருந்து பார்த்திருக்கக் கூடிய காலம் கழிந்துபோகின்றது. இது இரண்டாவது. மூன்றாவதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, அது பணம்.

நமக்கு நெடுநாள் பழக்கமான நண்பர் ஒருவர், தோட்டத்துக் கிராணியாயிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளி. அவருக்கென்று இருந்த சொத்து, சேமநிதிப் பணத்தில் வாங்கிய தாமான் வீடு ஒன்றே. "வீட்டை விற்றாவது பார்ப்போம், அப்பா" என்றான் மகன். "வீட்டை விற்றால் உங்கள் அம்மா எங்கே இருப்பாள்?" என்றார் அவர். இருவர் சொன்னதும் அன்பினாலேதான். அந்த இடத்திலே, மருந்து கேட்குமா கேட்காதா என்று ஒரு வார்த்தை நிச்சயமாய்ச் சொல்லக் கூடியவர் யாராவது இருந்திருந்தால், அந்தக் குடும்பம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும்.

அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தியர்கள் முதலில் கட்டியின் சதையையே கேட்டார்கள். கட்டியில் சிறு துண்டு எடுத்து, பிரேக்கை அழுத்தும் பொருள் அதில் எவ்வளவு இருக்கிறது என்று சாயமிட்டுப் பார்ப்பது ஒரு முறை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் சக்தியை இழந்த கட்டியா என்று பார்ப்பது மற்றொரு முறை. அத்தகைய கட்டி உடலின் எப்பகுதியில் இருந்தாலும் இம்மருந்தைக் கொடுக்கலாமென்று 2017-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. கட்டியில் மரபணு மாறுதல்கள் எத்தனை என்று எண்ணுவது மூன்றாவது. அது 2020-இல் அனுமதி பெற்றது. இவையெல்லாம் பயனுள்ளவையே. ஆனால் நுரையீரலுக்குள் ஊசி விட்டுச் சதை எடுப்பது எளிதன்று. எடுத்த துண்டும் சில வேளைகளில் போதாது. ஒரு துண்டு கட்டி முழுவதற்கும் சாட்சியாகவும் மாட்டாது. கையிலிருந்து இரத்தம் எடுப்பதோ ஒரு நிமிஷ வேலை. வேண்டும்போதெல்லாம் திரும்பவும் எடுக்கலாம். ஆகவே ஆராய்ச்சி இரத்தத்தின் பக்கம் திரும்பியது.

இரத்தத்தில் தேடுவது இரு வகைப்படும். ஒன்று, எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அன்றாடம் எடுக்கும் சாதாரணக் கணக்கு. வெள்ளணு எத்தனை, சிவப்பணு எத்தனை, கல்லீரல் எப்படி, சிறுநீரகம் எப்படி என்பவை. மற்றொன்று, கட்டியிலிருந்து உதிர்ந்து இரத்தத்திலே மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகள். அணுவுக்கு வெளியே, இரத்தத்தில் இத்தகைய பொருள் மிதக்கிறது என்று 1948-இலேயே மாண்டெல், மெத்தே என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்தார்கள். அப்போது அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. இன்று அதுவே பெரிய ஆராய்ச்சியாய் விட்டது.

முதல் வகைக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங், மவுண்ட் சைனாய் என்னும் இரு நிலையங்களின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதற்கு ஸ்கார்ப்பியோ என்று பெயர். 21 வகைப் புற்றுநோய் கண்ட 9,745 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு அதை அமைத்தும் சோதித்தும் பார்த்தார்கள். புதிய பரீட்சை எதுவும் இதற்கு வேண்டியதில்லை. சாதாரண இரத்தக் கணக்கும், வயது முதலிய சில விவரங்களும் போதும். அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது யந்திரம். குறித்த காலத்துக்குப் பின்னும் உயிரோடிருந்த ஒருவரையும், அதற்குள் இறந்துபோன ஒருவரையும் எடுத்து, யார் யாரென்று அக்கணக்கைக் கேட்டால், 100-க்கு ஏறக்குறைய 76 தடவை அது சரியாகச் சொல்லியது. காசைச் சுண்டிப் பார்த்தாலும் 50 தடவை சரியாகும். விலையுயர்ந்த மரபணு மாறுதல் எண்ணிக்கையோ அதே நோயாளிகளிடத்தில் 50-க்கும் 54-க்கும் இடையிலேதான் நின்றது. சாதாரண இரத்தம் இவ்வளவு சொல்லுகிறது என்பது வியப்புக்குரிய செய்தியே. பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போக வகையற்ற ஏழை நோயாளிக்கு இது நல்ல செய்தியும் ஆகும்.

ஆனால் இங்கே நிதானமாகப் பார்க்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இவர் நெடுநாள் இருப்பார் என்று சொல்வது வேறு. இந்த மருந்தினால் இருப்பார் என்று சொல்வது வேறு. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நல்ல மண்ணில் நிற்கும் இளம் பால்மரம் உரம் போட்டாலும் பால் கொடுக்கும், போடாவிட்டாலும் கொடுக்கும். அந்த மரத்தைக் காட்டி, "பாருங்கள், எங்கள் உரத்தின் மகிமை!" என்று உர வியாபாரி சொன்னால் அனுபவமுள்ள கங்காணி சிரிப்பார். ஒரே வயது, ஒரே மண், ஒரே வெட்டு உள்ள மரங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உரம் போட்டு, மறுபாதிக்குப் போடாமல், இரண்டின் பாலையும் நிறுத்துப் பார்த்தால்தான் உரத்தின் வேலை தெரியும். வெள்ளணுக் கணக்கும் அப்படித்தான். நியூட்ரோபில் என்னும் வெள்ளணு மிகுந்து, லிம்போசைட் என்னும் வெள்ளணு குறைந்திருப்பவர்கள் இந்த மருந்தில் மட்டுமன்றிப் பல சிகிச்சைகளிலும் குறைந்த காலமே வாழ்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் மரத்தின் நிலையைச் சொல்லுகிறது. உரத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லுகிறது.

இந்த நுட்பம் புரியாமற் போனால் என்ன ஆகும் என்பதை நம் நண்பர் வீட்டிலேயே பார்த்தோம். அவருடைய மருமகன் படித்தவர், அன்புள்ளவர். இந்த வெள்ளணு விகிதத்தைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, மாமனாரின் இரத்தக் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். விகிதம் எட்டுக்கு மேல் வந்தது. "மாமா, இவ்வளவு இருந்தால் மருந்து கேட்காதாம், பணத்தை வீணாக்க வேண்டாம்" என்றார். வீடு முழுவதும் மௌனமாயிற்று. நண்பர் நம் பக்கம் திரும்பி, "ஐயா, என் இரத்தமே எனக்கு எதிராய்ச் சாட்சி சொல்லுகிறதாமே!" என்றார். மறுநாள் அவருடன் நாமும் டாக்டரிடம் போனோம். டாக்டர் அம்மையார் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்த இரத்தம் எடுத்தபோது என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?" நெஞ்சுச் சளிக்காக ஒரு வாரம் ஸ்டீராய்ட் மாத்திரை சாப்பிட்டிருந்தார். அம்மாத்திரை நியூட்ரோபிலைப் பெருக்கும், லிம்போசைட்டைக் குறைக்கும். சளியில் தொற்றிய கிருமியும் அதையே செய்யும். மாத்திரை நின்று சளியும் தீர்ந்து மூன்று வாரம் கழித்து எடுத்த இரத்தத்தில் விகிதம் மூன்றாயிருந்தது. "ஐயா, முதல் காகிதம் உங்கள் சளியின் கணக்கு" என்றார் அந்த அம்மையார். ஒரு குடும்பத்தின் முடிவு ஏறக்குறைய அந்தச் சளியின் கணக்கின்மேல் நிற்க இருந்தது!

இரண்டாம் வகையான டி.என்.ஏ. துணுக்குகளின் கதையிலும் ஏமாற்றம் உண்டு, வெற்றியும் உண்டு. கட்டியின் மரபணு மாறுதல்களைச் சதையில் எண்ணுவதற்குப் பதிலாக இரத்தத்திலேயே எண்ணலாம் என்று 2018-இல் ஒரு கூட்டத்தார் காட்டினார்கள். முன்பே முடிந்துபோன பரீட்சைகளில் சேர்த்துவைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து அவர்கள் கண்ட முடிவு அது. பலரும் நம்பிக்கை கொண்டார்கள். பின்பு, அந்த எண்ணிக்கை மிகுந்த நுரையீரல் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேருக்கு நோயெதிர்ப்பு மருந்தும் பாதிப் பேருக்குப் பழைய மருந்தும் கொடுத்து முறைப்படி சோதித்தார்கள். அதன் முடிவு 2022-இல் வெளிவந்தது. நோய் முற்றாமல் நிறுத்திவைப்பதில் புதிய மருந்து பழையதை வென்றதென்று காட்ட முடியவில்லை. பின்னோக்கிப் பார்த்தபோது அழகாய்த் தெரிந்தது, முன்னோக்கிப் பார்த்தபோது நிற்கவில்லை.

வெற்றியை மூத்திரப்பைப் புற்றுநோயில் கண்டார்கள். ரண சிகிச்சையில் மூத்திரப்பையை எடுத்துவிட்ட பின்பு, எஞ்சிய நோய் திரும்பாதிருக்க எல்லோருக்கும் அட்டிசோலிசுமாப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. ஆனால் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது, கட்டியின் துணுக்குகள் இரத்தத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து உதவியதுபோல் தோன்றியது. இது 2021-இல் வெளியான செய்தி. பழைய ஏமாற்றத்தை நினைவிற்கொண்டு, இதையும் முன்னோக்கிச் சோதித்தார்கள். அறுவைக்குப் பின் ஓராண்டு வரையில் இரத்தத்தை அடிக்கடி பார்த்து, துணுக்கு தோன்றிய 250 பேரைப் பிரித்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். 2025-இல் வந்த முடிவு இது: மருந்து பெற்றவர்களின் வாழ்நாள் நடுக்கணக்காக 32.8 மாதங்கள், பெறாதவர்களுக்கு 21.1 மாதங்கள். இரத்தத்தில் துணுக்கு தோன்றவே இல்லாதவர்களுக்கு மருந்து கொடுக்கப்படவில்லை. அவர்களில் 100-க்கு ஏறக்குறைய 95 பேர் ஓராண்டு வரை நோய் திரும்பாமல் இருந்தார்கள். பால்மரத்தை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்ப்பது என்று நாம் சொன்னது இதைத்தான். இங்கே இரத்தம் ஒரு பகுதியாரை மருந்திடம் அனுப்பியது. மற்றொரு பகுதியாரை மருந்தின் துன்பத்திலிருந்தும் செலவிலிருந்தும் காத்தது.

வருங்காலம் சொல்லுவோர் எக்காலத்தும் உண்டு. சொன்னது பலித்தால் நாடெங்கும் பறையறைவார்கள். பலிக்காவிட்டால் கேட்டவனுடைய வினை என்பார்கள். தவறிய கணக்கை எழுதிவைக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. விஞ்ஞானமோ தன் தவறுகளையும் அச்சிட்டு உலகுக்குக் கொடுக்கின்றது. 2022-இல் வெளிவந்த அந்தத் தோல்வியும் யாரும் படிக்கக் கூடியதாய் இருக்கின்றது. விஞ்ஞானத்தை நாம் நம்புவது அது தவறாதது என்பதற்காக அன்று. தவறினால் நமக்குத் தெரியும் என்பதற்காக.

நம் நண்பரின் குடும்பம் இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தது. வீட்டை விற்பதில்லை, கையிருப்பைக் கொண்டு நான்கு ஊசி போடுவது, அதன்பின் படம் எடுத்துப் பார்த்து மேலே முடிவு செய்வது. இதை டாக்டரும் ஒப்புக்கொண்டார். நான்காம் ஊசிக்குப் பின் எடுத்த படத்தில் கட்டி வளர்ந்திருந்தது. மருந்தை நிறுத்தினார்கள். வலிக்கும் மூச்சுக்கும் சிகிச்சை பெற்று, தம் சொந்த வீட்டுத் திண்ணையிலேயே எட்டு மாதம் இருந்து காலமானார். அந்த நாட்களில் ஒரு நாள், "நாலு ஊசிக்கு முன்னமே இது தெரிந்திருக்கக் கூடாதா, ஐயா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கும் சிலர் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2020-இல் கானடாவின் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இம்மருந்து பெற்ற 94 பேரின் இரத்தத்தை முதல் ஊசிக்கு முன்னும், மூன்றாம் ஊசியின் போதும், பின்னும் பார்த்தார்கள். துணுக்குகள் குறைந்தவர்களிடத்தில் மருந்து வேலை செய்வது மிகுதியாயிருந்தது. ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் செய்யவில்லை. துணுக்குகள் அறவே மறைந்துபோன 12 பேரும், ஆராய்ச்சி முடிவு வெளியானபோது உயிரோடிருந்தனர். பன்னிரண்டு பேர் என்பது சிறு தொகை; அதைக் கொண்டு சட்டம் எழுத முடியாது. ஆனால் வழி எந்தத் திக்கில் இருக்கிறது என்பதை அது காட்டுகின்றது. மருந்து தொடங்குவதற்கு முன் இரத்தம் சொல்லும் வார்த்தையைவிட, தொடங்கிய சில வாரங்களில் அது சொல்லும் வார்த்தை தெளிவாயிருக்கக் கூடும்.

ஆகவே நம்மவருக்கு நாம் சொல்ல விரும்புவது இது. இரத்தப் பரீட்சைக் காகிதத்தை யாராவது நீட்டினால் அஞ்சவும் வேண்டாம். அதைத் தெய்வ வாக்காகக் கொள்ளவும் வேண்டாம். டாக்டரிடம் தைரியமாய் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த எண் என் உடல்நிலையைச் சொல்லுகிறதா, இந்த மருந்தைப் பற்றிச் சொல்லுகிறதா? இதை முன்னோக்கிச் சோதித்திருக்கிறார்களா? என் சளியும் மாத்திரையும் இந்த எண்ணைக் கெடுத்திருக்குமா? இந்த விடையினால் நீங்கள் செய்யப்போவது எதாவது மாறுமா? மாறாதென்றால், அந்தப் பரீட்சைக்குக் கொடுக்கும் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியோர் பலர் டாக்டர் முன்னே வாய் மூடி நிற்கிறார்கள். நல்ல டாக்டர் யாரும் கேள்விக்குக் கோபிப்பதில்லை.

நம் அரசாங்கங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. நியூயார்க் நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டு அமைத்த கணக்கு, கிள்ளானிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகியோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சோதிக்காமல் எடுத்துக்கொள்ளலாகாது. அதைச் சோதிக்கப் பெரிய யந்திரங்கள் வேண்டியதில்லை. அன்றாடம் எடுக்கும் இரத்தக் கணக்கையும், நோயாளிக்கு நேர்ந்த முடிவையும் ஒழுங்காய் எழுதிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சாட்சி சொல்லுகிறவனைக் குறுக்கு விசாரணை செய்த பிறகே நியாயாதிபதி தீர்ப்பெழுதுகிறார். இரத்தம் சாட்சிக் கூண்டில் வந்து நின்றிருக்கிறது; அது நல்ல சாட்சி, நாளுக்கு நாள் தெளிவாய்ப் பேசவும் கற்றுக்கொள்கிறது. அதை விசாரித்துத் தீர்மானிக்கும் பொறுப்பு நோயாளியினுடையது, அவர் குடும்பத்தினுடையது, அவர் டாக்டரினுடையது. அந்தப் பொறுப்பை ஒரு காகிதத்தின் கையிலே கொடுத்துவிடாதிருப்போமாக.